தண்ணீர் கீழே, மின்சாரம் மேலே

வீட்டுக்குள் விளக்கொளியில் செடி வளர்ப்பது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி செடியைப் பற்றியதே இல்லை. பிளக் சுடுகிறது, டைமர் கேட்கவில்லை, டிரிப் ஆகிறது, இப்படித்தான் வந்திருக்கின்றன. ஒரு தாவர ஆய்வகத்தின் திசு வளர்ப்பு அறையில் விளக்கு அலமாரிகளைப் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு இருபது வருட வேலை. அதனால் இந்த முறை முழுக்க வயர் கதைதான். சுவருக்குள் ஓடும் வயரிங், போர்டு, புது சர்க்யூட் எல்லாம் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனின் வேலை. நான் சொல்லப்போவது சாக்கெட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதைப் பற்றியும், அந்தப் பக்கத்துக்கு அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைப் பற்றியும்தான்.

கேள்வி: நான்கு அடிக்கு நான்கு அடி, வீட்டுக்குள் செடி வளர்க்கும் கூடாரம். 240 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, வெளியேற்று விசிறி 60 வாட், கிளிப் விசிறி 20 வாட் வீதம் இரண்டு, தண்ணீர் பம்ப் 20 வாட். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகலாமா?

பதில்: கூட்டிப் பார்த்தால் 600 வாட். உங்கள் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட் என்றால் 2.6 ஆம்பியர். 120 வோல்ட் உள்ள ஊரில் இதே சுமை 5 ஆம்பியர். 10 ஆம்பியர் பாக்ஸுக்கு இரண்டுமே பெரிய பாரமில்லை. மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் சுமையென்றால், எழுதியிருக்கும் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நீங்கள் அதற்கும் வெகு கீழே இருக்கிறீர்கள்.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் நான் பார்த்த எந்தப் பிளக்கும் கணக்கு தவறியதால் கருகவில்லை.

எங்கள் திசு வளர்ப்பு அறையில் ஒரு நாள் காலை மீன் நாற்றம் அடித்தது. யாரோ எதையோ உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று குப்பைக்கூடையை எல்லாம் தேடினோம். பிறகுதான் மூன்றாவது அலமாரியின் பிளக்கில் கை வைத்தேன். சுட்டது. மெயினை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தால், நியூட்ரல் முனையின் திருகு ஸ்க்ரூடிரைவர் வைத்ததும் ஒன்றரைச் சுற்று சும்மா சுற்றியது. செம்புக் கம்பி கறுத்து ஊதாவாகியிருந்தது. அதன் மேல் இருந்த பிளாஸ்டிக் உறை விரலில் காய்ந்த சருகு மாதிரி நொறுங்கியது. அந்த அலமாரி இழுத்த மின்சாரம் எவ்வளவு தெரியுமா? வெறும் 3 ஆம்பியர்.

தளர்ந்த இணைப்பில் அரை ஓம் மின்தடை இருந்தால், 3 ஆம்பியர் ஓடும்போது அங்கே நாலரை வாட் வெப்பம் உண்டாகும். நாலரை வாட் என்பது ஒன்றுமில்லை என்று தோன்றும். கடுகளவு இடத்தில், நாளைக்கு பதினாறு மணி நேரம், வருடம் முழுக்க என்று யோசித்துப் பாருங்கள். சூடாகும்போது உலோகம் விரிகிறது, அணைத்ததும் சுருங்குகிறது, திருகு இன்னும் கொஞ்சம் தளர்கிறது, தடை ஏறுகிறது. போர்டில் இருக்கும் எம்.சி.பி., அதாவது மின்சாரம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச், இதைக் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. அதன் கண்ணுக்கு ஓடுவது 3 ஆம்பியர்தான். அயர்ன் பாக்ஸ் உங்கள் விளக்கைவிட அதிகமாக இழுக்கும், ஆனால் அரை மணியில் அதைப் பிடுங்கி வைத்துவிடுகிறீர்கள். செடி விளக்குக்கு அந்த ஓய்வு கிடையாது.

அதனால் பாக்ஸ் வாங்கும்போது ஆம்பியர் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், பிளக் செருகும்போது எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதையும் பாருங்கள். லொடலொடவென்று ஆடும் சாக்கெட்டை டேப் ஒட்டியோ அட்டை சொருகியோ காப்பாற்ற முயல வேண்டாம். ஒரு பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸுக்கு இழுக்க வேண்டாம். ஒவ்வொரு பிளக்கும் கூடுதலாக ஒரு இணைப்பு. மிச்ச வயரை அழகாகச் சுருட்டிக் கட்டி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கும், எனவே தேவையான நீளத்தில் வாங்குங்கள். மேற்கொண்டு பிளக் நீங்களே மாட்டுவதாக இருந்தால், பல இழை வயரின் நுனியில் ஈயம் வைத்து உருக்கித் திருகுக்குள் விடாதீர்கள். ஈயம் மென்மையானது, அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும், ஆறு மாதத்தில் திருகு தளர்ந்திருக்கும். இழைகளைச் சேர்த்து அழுத்தும் குழல் முனை கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

கேள்வி: அக்கா, அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எங்கே வைப்பது? இப்போது தொட்டிகளுக்கு நடுவே தரையில் கிடக்கிறது. மேலே பிளாஸ்டிக் கவர் போட்டிருக்கிறேன்.

பதில்: கவரை முதலில் எடுங்கள் தம்பி. ஈரத்தை அது வெளியே நிறுத்தாது, உள்ளே அடைத்து வைக்கும், சூட்டையும் சேர்த்து.

தண்ணீர் கீழே, மின்சாரம் மேலே. பாக்ஸைக் கூடாரத்துக்கு வெளியே, சுவரிலோ மரச்சட்டத்திலோ, தொட்டி விளிம்பைவிட உயரத்தில் திருகிப் பொருத்துங்கள். துளைகள் வானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டைப் பார்க்கட்டும். செடிக்கு ஊற்றும் நீரில் உரம் கரைந்திருக்கிறது, அதாவது உப்புகள். வெறும் தண்ணீரைவிட அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். போதாததற்கு, காய்ந்த பிறகும் ஒரு வெள்ளைப் படிவத்தை விட்டுப் போகும். அடுத்த முறை காற்றில் ஈரம் ஏறினால் அந்தப் படிவமே பாதையாகிவிடும்.

அப்புறம் வயர் வரும் விதம். பம்பிலிருந்தோ விளக்கிலிருந்தோ வரும் வயர் நேராகச் சாய்ந்து சாக்கெட்டுக்குள் இறங்கினால், வயரைப் பிடித்துக்கொண்டு சறுக்கி வரும் ஒவ்வொரு சொட்டும் சாக்கெட்டுக்குள்தான் போய் முடியும். அதனால் வயரைச் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றிச் செருகுங்கள். சொட்டு அந்த வளைவின் அடியில் நின்று தரையில் விழும். காசு செலவில்லாத வேலை, இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் முதலில் காட்டித் தந்தது இதைத்தான்.

சுவரில் ஒளி பிரதிபலிக்க அலுமினியத் தாள் ஒட்டியிருந்தால் பாக்ஸைச் சுற்றி ஒரு அடிக்கு அதை வெட்டி எடுத்துவிடுங்கள். ஒரு மூலை பிய்ந்து பாதி செருகிய பிளக்கின் முனைகளுக்கு நடுவே விழுந்தால் போதும், அது வயர் செய்யும் வேலையைச் செய்துவிடும். வெள்ளைப் பெயின்ட் அடித்த சுவரே நன்றாகப் பிரதிபலிக்கும்.

கேள்வி: சார், 16 ஆம்பியர் என்று எழுதிய டைமர் வாங்கினேன். விளக்குகள் மொத்தமே 400 வாட். மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. இப்போது அணைய வேண்டிய நேரத்தில் அணைவதில்லை. டைமரைத் தட்டினால் அணைகிறது!

பதில்: நான் சார் இல்லை, பரவாயில்லை. உங்கள் டைமருக்குள் இருக்கும் தொடுமுனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. நீங்கள் தட்டும்போது அந்த ஒட்டு விடுகிறது. ஒரு நாள் தட்டினாலும் விடாது.

எல்.இ.டி. விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டிக்கு டிரைவர் என்று பெயர். அதற்குள் மின்சாரத்தைச் சேமிக்கும் கபாசிட்டர் ஒன்று உண்டு. சுவிட்ச் போட்ட கணத்தில் அது காலிப் பாத்திரம். அதை நிரப்ப மின்சாரம் பாய்ந்து வரும். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் முடிந்துவிடும் சமாசாரம்தான், ஆனால் அந்தக் கணத்தில் பல பத்து ஆம்பியர் ஓடலாம். நான்கு டிரைவர் ஒரே நேரத்தில் எழுந்தால் நாலு மடங்கு. தொடுமுனை மூடும்போது அந்தப் பாய்ச்சல் ஒரு குட்டி வெல்டிங் வேலையைச் செய்கிறது, தினமும். டைமரின் பின்பக்க ஸ்டிக்கரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். 16 ஆம்பியர் என்பது ஹீட்டர் மாதிரியான சுமைக்கு. விசிறிக்கும் எல்.இ.டி.க்கும் பக்கத்திலேயே வேறு எண் சின்னதாக இருக்கும், அது மிகக் குறைவு.

அந்த டைமரைத் தூக்கிப் போடுங்கள். விளக்குகளை இரண்டு டைமராகப் பிரித்து, இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிட இடைவெளி விடலாம். விளக்கு அதிகம் என்றால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஒரு கான்டாக்டர், அதாவது பெரிய சுமைக்கான மின்காந்த சுவிட்ச், போடச் சொல்லுங்கள். டைமர் கான்டாக்டரின் சுருளை மட்டும் இயக்கும், பாய்ச்சலைக் கான்டாக்டர் தாங்கும். காலையில் விளக்கு எரியும் அந்த நொடியில் மட்டும் எம்.சி.பி. விழுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் பெரும்பாலும் இதே பாய்ச்சல்தான் காரணம். பி வகை எம்.சி.பி. தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். மாற்றலாமா என்பதை அந்தச் சர்க்யூட்டை அளந்து பார்த்து எலக்ட்ரீஷியன் சொல்ல வேண்டும். பெரிய ஆம்பியர் எம்.சி.பி.யைப் போட்டு வாயை அடைப்பது மட்டும் கூடாது. அது காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் வயரை.

கேள்வி: எட்டாவது விளக்கு மாட்டியதிலிருந்து ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது. ஷாக் எதுவும் இல்லை. "அதைக் கழற்றிவிட்டு வெறும் எம்.சி.பி. போதும்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர்.

பதில்: அந்தத் தெரிந்தவரை இந்த வேலைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.

எம்.சி.பி. வயருக்கு, ஆர்.சி.சி.பி. உங்களுக்கு. ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று அது எண்ணிக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், நடுவில் யாரோ ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு ஒரு இமைப்பொழுதில் துண்டிக்கிறது. ஈரக் கை, ஈரத் தரை, உலோகச் சட்டம் மூன்றும் சேர்ந்த இடத்தில் அதைக் கழற்றுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

ஆனால் அடிக்கடி விழுவதற்குக் காரணம் இருக்கும். ஒவ்வொரு எல்.இ.டி. டிரைவரும் இரைச்சலை வடிகட்டும் கபாசிட்டர் வழியாக எர்த்துக்கு ஒரு துளி மின்சாரத்தைக் கசியவிடும். அது பழுதில்லை, வடிவமைப்பே அப்படி. துளித்துளியாக எட்டு டிரைவர், பம்ப், வீட்டிலுள்ள கணினி, வாஷிங் மெஷின் எல்லாம் ஒரே ஆர்.சி.சி.பி.யில் சேர்ந்தால், அது எப்போதும் விளிம்பில் நிற்கும். 30 என்று எழுதியிருந்தாலும் 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழ அதற்கு அனுமதி உண்டு.

முதலில் பழுதா, கூட்டுக் கசிவா என்று பிரியுங்கள். எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிடுங்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். குறிப்பிட்ட ஒரு பொருளைச் செருகியதும் விழுந்தால் அதுதான் குற்றவாளி. எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலும் தண்ணீருக்குள் கிடக்கும் பம்ப். எதைச் செருகினாலும் விழாமல், ஏழாவதோ எட்டாவதோ சேரும்போது மட்டும் விழுந்தால் கூட்டுக் கசிவு. அப்போது செடி அறைக்குத் தனியாக ஒரு சர்க்யூட்டும் தனி ஆர்.சி.சி.பி.யும் கேளுங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள்.

ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் ஆர்.சி.சி.பி.க்கு எதுவும் தெரியாது. போனது திரும்பி வந்துவிடுகிறதே. அதை நம்பி மூடி திறந்த பாக்ஸில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: ஐ.பி.65 விளக்கு. எரியும்போதே செடிக்குத் தெளிக்கலாமா?

பதில்: 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். அந்த எண் விளக்கின் உடம்புக்கு. ஒரு முழம் தள்ளி இருக்கும் பிளக்குக்கு அப்படி எந்த எண்ணும் கிடையாது. அணைத்துவிட்டுத் தெளியுங்கள்.

கேள்வி: வெளியேற்று விசிறி சத்தம் அதிகம் என்று விளக்கு டிம்மர் ஒன்றை அதற்குப் போட்டேன். இப்போது "ம்ம்ம்" என்று உறுமுகிறது, மோட்டாரும் சுடுகிறது. இரவில் விளக்கோடு விசிறியையும் நிறுத்திவிடுகிறேன்.

பதில்: இரண்டு தவறு, இரண்டுமே பலர் செய்வது.

விளக்கு டிம்மர் மின் அலையைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறது. இழை பல்புக்கு அது ஒரு பொருட்டில்லை. மோட்டார் வெட்டுப்பட்ட அலையில் உறுமும், சுடும். வேகத்தை மிகவும் குறைத்தால் சுழலாமல் நின்றுகொண்டே மின்சாரம் இழுத்து இன்னும் சுடும். அந்த விசிறிக்கென்று தயாரிப்பாளர் சொல்லும் ரெகுலேட்டரைப் போடுங்கள். புதிதாக வாங்குவதானால் இ.சி. மோட்டார், அதாவது உள்ளேயே மின்னணுக் கட்டுப்பாடு உள்ள மோட்டார், இருப்பதை வாங்குங்கள். வேகத்தைத் தனியாக ஒரு மெல்லிய கட்டுப்பாட்டு வயரில் சொன்னால் போதும், மின்வரவை வெட்ட வேண்டியதில்லை, சத்தமும் குறைவு. அளவும் பெரிதாக வாங்கி மெதுவாக ஓட்டுங்கள். 1.2 மீட்டர் நீள அகலம், 2 மீட்டர் உயரம் என்றால் கூடாரத்தில் 2.9 கன மீட்டர் காற்று. நிமிடத்துக்கு ஒரு முறை மாற்ற மணிக்கு 173 கன மீட்டர். குழாய் வளைவும் வடிகட்டியும் கொஞ்சம் தின்னும் என்பதால் 250 போல எடுக்கலாம்.

இரண்டாவது தவறுதான் பெரிது. பகலில் 26 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதத்தோடு இருந்த காற்று, விளக்கு அணைந்து 20 டிகிரிக்கு இறங்கினால், ஒரு துளி நீர் சேராமலேயே 86 சதவீதத்தைத் தொட்டுவிடும். மண்ணும் இலையும் அதற்கு மேல் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். பிறகு குளிர்ந்த உலோகம் எங்கே இருக்கிறதோ அங்கே பனி கோக்கும்: விளக்குச் சட்டம், கூடாரக் கம்பி, பிளக் முனை. காலையில் அதே நிலையில் டைமர் விளக்கைப் போடும். இலையில் பூஞ்சை வருவது இன்னொரு பக்கம். விசிறிக்குத் தனி பிளக் கொடுத்து, இரவில் வேகம் குறைத்தாவது ஓட விடுங்கள்.

கேள்வி: பழைய கணினி விசிறிகள் நிறைய இருக்கின்றன. 12 வோல்ட்தானே, எப்படி இணைத்தாலும் பயமில்லை அல்லவா?

பதில்: ஷாக் பயம் இல்லை, தீப் பயம் உண்டு. 60 வாட்டுக்கு 230 வோல்டில் கால் ஆம்பியர் சொச்சம் போதும். 12 வோல்டில் 5 ஆம்பியர் வேண்டும். சூடேற்றுவது ஆம்பியர். விசிறி ஸ்டிக்கரில் 0.2 ஆம்பியர் என்றிருந்தால் ஆறுக்கு 1.2, அடாப்டர் 2 ஆம்பியர் இருக்கட்டும். முறுக்கி டேப் சுற்றாமல் இணைப்பான் போடுங்கள். ஈரமான சூட்டில் டேப்பின் பசை இளகி ஒரு மாதத்தில் கழன்று தொங்கும். அடாப்டர் கூடாரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அதன் ஒரு பக்கம் முழு வோல்டேஜ்தான்.

கேள்வி: நண்பர் 400 வாட் சோடியம் விளக்கு ஒன்றை சோக்கோடு சும்மா தருகிறார். வாங்கலாமா?

பதில்: நானாக இருந்தால் வாங்க மாட்டேன். பற்றவைக்க அது ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்பை அனுப்புகிறது. அதைத் தாங்கும் வயர் இல்லாமல் கையில் கிடைத்ததைப் போட்டு நீட்டுவார்கள். பல்ப் மேல் ஒரு சொட்டு நீர் பட்டால் வெடிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அதையும் மீறி வாங்குவதென்றால் சோக்கை மரத்தின் மேலோ தரைவிரிப்பின் மேலோ வைக்காமல், எரியாத பலகையில், காற்றோட்டத்தில் பொருத்துங்கள்.

கேள்வி: எல்லாம் மாட்டி முடித்தாகிவிட்டது. முதல் நாள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: விளக்கு தன் வயரில் தொங்குகிறதா, சங்கிலியில் தொங்குகிறதா என்று பாருங்கள். வயர் எடை தாங்குவதற்கில்லை. கீழே தொட்டியில் தண்ணீர் இருந்தால் இரண்டாவதாக ஒரு கம்பிக் கயிறும் சேர்த்துக் கட்டுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி ஒன்றை அறைக்கு வெளியே, வாசலுக்கு அருகில் மாட்டுங்கள்.

பிறகு விளக்கு, விசிறி எல்லாவற்றையும் ஓட விட்டு ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, புறங்கையால் ஒவ்வொரு பிளக்கின் பிளாஸ்டிக் உடம்பையும், டைமரையும், பாக்ஸையும் தொட்டுப் பாருங்கள். டிரைவர் வெதுவெதுப்பாக இருக்கும், அது இயல்பு. பிளக் அப்படி இருக்கக் கூடாது. இதையே மூன்றாவது மணியிலும், ஒரு வாரம் கழித்தும், பிறகு மாதம் ஒரு முறையும் செய்யுங்கள். பிளக் முனையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால், பாக்ஸைத் தொடாமல் மெயினை அணையுங்கள். அப்புறம் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.